குனிய வேண்டிய முத்திரை

ஒசாகா ஆய்வுக்கூடத்தில் குசகாபே மிட்சுவேயின் வேலை வளைப்பது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற கருப்புப் பூச்சைப் பூசி, வெயிலை மின்சாரமாக்கும் தகடு செய்கிறார்கள். செய்பவர்கள் முனைவர்கள். எத்தனை வளைப்புக்குத் தாங்குகிறது என்று இயந்திரத்தில் மாட்டிப் பார்ப்பவள் இவள். பதினோரு வருடமாக, ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்.

பத்தாயிரம் முறை வளைத்தும் திறன் குறையவில்லை என்று பிரிவுத் தலைவர் ஹிராபயாஷி சுவரில் படம் மாட்டியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவர் முனைவர் பட்டமே வாங்கியவர். வளைத்ததெல்லாம் பூச்சு உள்பக்கம் இருக்கும்படி. அப்படி வளைத்தால் பூச்சு நெருங்கும், இழுபடாது. ஆனால் தகடு போகப்போவது நிலநடுக்க முகாம்களுக்கு. அங்கே பூச்சு வெளியே தெரியத்தான் சுருட்டுவார்கள். மிட்சுவே ஒன்றைத் திருப்பி மாட்டினாள். எண்ணூறாவது வளைப்பில் மயிரிழை வெடிப்புகள். ஈரம் புகுந்து திறன் பாதியாகிவிட்டது.

தலைவரிடம் சொன்னாள்.

“அவங்க எப்படிச் சுருட்டினா நமக்கென்னம்மா?”

“முகாம்ல விளக்கு எரியலன்னா அறிக்கையில என் பேருதானே சார் இருக்கும்.”

“பேரு இருக்கணும்னா முதல்ல மார்ச்சுக்கு அப்புறமும் நீங்க இருக்கணும்.”

அவள் போய் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்: ‘பூச்சு உள்பக்கமாக மட்டுமே வளைக்கப்பட்டது, வெளிப்பக்கமாக வளைத்தால் எண்ணூறில் வெடிக்கிறது.’ கீழே, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள், நேராக.

அந்த அலுவலகத்தில் கீழே இருப்பவரின் முத்திரை, தலைவரின் முத்திரைக்கு வணக்கம் வைப்பதுபோல் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். படலத்தைவிட ஆட்கள் அதிகம் வளைகிற கூடம் அது.

தாளை நுனிவிரலில் தூக்கிக்கொண்டு ஹிராபயாஷி வந்தார்.

“என்னம்மா இது?”

“உள்ளதைத்தான் எழுதினேன் சார்.”

“எழுத்தை யாரு கேட்டா? முத்திரை ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது? மேலிடத்துல என்னை என்ன நினைப்பாங்க?”

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் வரியைப் படிக்கவே இல்லை.

“கை தவறிடுச்சு. மன்னிச்சுக்குங்க.”

அதே பக்கத்தை மறுபடி அச்செடுத்து, முத்திரையைப் படுத்தேவிடும் அளவுக்குச் சாய்த்துக் குத்தினாள். “இது மரியாதை,” என்று அவர் குளிர்ந்துபோய்த் தன்னுடையதையும் பதித்து மேலே அனுப்பினார்.

அடுத்த வாரம் அறிக்கை திரும்பி வந்தது: பூச்சு வெளிப்பக்கமாக மறுசோதனை செய்க. ஹிராபயாஷியால் யாரையும் திட்ட முடியவில்லை. அந்த வரிக்குக் கீழே அவர் முத்திரை நிமிர்ந்து நின்றது.