துருக்கிப் படை எத்தனையாம் ரகம்?

எனக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். எதைப் பார்த்தாலும் மார்க் போடுவேன். போன வாரம் ஆம்பூர் போயிருந்தேன்... அங்கே ஊரே என்னை மாதிரிதான்!

தோல் ஊர் அல்லவா? பதனிட்ட தோலை மேஜைமேல் விரிப்பார்கள். கட்டைவிரலால் ஒரு தடவல், வெளிச்சத்தில் ஒரு பார்வை. உடனே முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிசல் என்று தனித்தனியாக வீசிவிடுவார்கள். பகலெல்லாம் செய்கிற வேலை சாயங்காலம் வாயில் வராமல் இருக்குமா? பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வரப்போகிற மாமியாரைக்கூட ரகம் பிரிக்கிறார்கள்.

ஸ்டேஷன் பக்கத்துக் காபி கிளப்பில் யுத்தப் பேச்சு வந்தது. பதினாலாம் வருஷத்தில் மூண்ட பெரிய யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் ஐரோப்பாவில் மறுபடி புகைகிறது என்று பேப்பரில் போட்டால் போதாதா? எந்தப் படை ஒசத்தி என்று கிளம்பிவிட்டார்கள்.

தோல் மண்டி கரீம் சாயபு என் பழைய தோஸ்த். துருக்கிதான் முதல் ரகம் என்று அவர் ஆரம்பித்தார். அவரைச் சீண்டாவிட்டால் எனக்குக் காபி இறங்காது. ஜெர்மனி முதல் ரகம் என்றேன். இங்கிலீஷும் பிரெஞ்சும் இரண்டாம் ரகம். துருக்கி? கழிசல்! காலில் பூட்ஸ் கிடையாது, வயிற்றுக்கு ரொட்டி கிடையாது, குறி பார்த்துச் சுடத் தெரியாது — அடித்து விட்டேன். நான் யுத்தத்தை எங்கே கண்டேன்? எல்லாம் பேப்பரில் படித்ததுதான்.

சாயபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த யுத்தத்தில் துருக்கிக் கடற்கரையில் இறங்கின இங்கிலீஷ்காரனை வந்த வழியே அனுப்பினது யார் என்று கேட்டார். கடைசியில் தோற்றது யார் என்று நான் கேட்டேன். கிளப்பில் ஒரே சிரிப்பு.

அடுத்த பெஞ்சில் சின்னப்பன் இருந்தார். சாயபு மண்டியில் தோல் ரகம் பிரிக்கிறவர். அதுவரை வாயே திறக்காதவர், எழுந்து வந்து, துருக்கியை மட்டும் கழிசலில் போட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். முதலாளிக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்று நினைத்து அவரையும் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஒரே பிள்ளை ஆரோக்கியம், துருக்கியோடு சண்டை நடந்த பஸ்ராவுக்குப் பட்டாளத்தோடு போனவன். சிப்பாயாக அல்ல. தோல் பையில் தண்ணீர் சுமந்து சிப்பாய்களுக்கு ஊற்றுகிற வேலை. துருக்கிக் குண்டில் போய்விட்டான். கூட இருந்த வாலாஜாபேட்டை ஆள் ஊர் திரும்பி வந்து சொன்னானாம்.

"ஆத்துல குனிஞ்சு தண்ணி மொண்டுக்கினு இருந்தான் சார். எதிர்க்கரையிலேருந்து ஒரே குண்டு. அம்மாந் தூரத்துலேருந்து தப்பாம அடிச்சான்னா, அவன் இன்னா லேசுப்பட்ட ஆளா? அப்படித்தான் அவங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீங்க கழிசல்னுட்டீங்கன்னா, எவனோ கண்ண மூடிக்கினு சுட்டது இவம்மேல பட்டதுன்னு ஆயிடும். சும்மா செத்தான்னு அவகிட்ட எப்படி சார் சொல்றது?"

தோற்றுப்போன தளபதிகள் எதிரியைப் புகழ்வார்கள் — தங்கள் மானத்துக்காக. பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஏன் புகழ்கிறான் என்று எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை.

துருக்கி முதல் ரகம்தான் என்று ஒத்துக்கொண்டேன். குறி வைப்பதில் ஜெர்மனிக்கும் மேலே என்று சேர்த்துச் சொன்னேன். இவ்வளவு நேரம் துருக்கிக்காக மல்லுக்கட்டிய சாயபு, ஜெயித்த பிறகு தலை குனிந்துகொண்டார்.

சின்னப்பன் விடவில்லை. வீட்டுக்கு வந்து அதை ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றார். நாளாக ஆக, அவர் மனைவி ரோஸம்மா அவர் சொல்வதை நம்புவதில்லையாம். பேப்பரில் எழுதுகிறவர் சொன்னால் கேட்பாளாம். எப்படி மறுப்பது? போனேன்.

ரோஸம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். துருக்கிக்காரன் கண் கழுகுக் கண், அவன் குறி வைத்தால் யாராலும் தப்ப முடியாது, எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் அதே கதிதான்... நான் பேசப் பேசச் சின்னப்பன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாவம், அவர் முகத்தில் எவ்வளவு ஆறுதல்!

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அவ்ளோ நல்லாக் கண்ணு தெரிஞ்சவனுக்கு, எம் புள்ள கையில இருந்தது தண்ணிப் பைதான்னு தெரியாமப் போச்சாங்க?"

எந்தப் படைத் தளபதிக்காவது பதில் தெரிந்திருந்தால், நேராக ஆம்பூருக்கே போய்ச் சொல்லட்டும்.