சித்தி நின்ற வரிசை

என் சித்தியின் தொழில் துணி வாங்குவது. விற்பதும் இல்லை, தைப்பதும் இல்லை, வாங்குவதுதான். பன்னிரண்டு வருஷமாக ஒரே கடையில், ஒரே முதலாளியிடம், வாரத்துக்கு ஆறு நாள் துணி வாங்கினாள். அதற்கு அவர் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்.

விளக்கிச் சொன்னால்தான் புரியும். அந்தத் தெரு முழுக்கத் துணிக்கடைகள். கடை என்றால் நாலு கம்பி, மேலே ஒரு தார்ப்பாய், கம்பியில் நெருக்கியடித்துத் தொங்கும் சட்டை, பாவாடை, குழந்தை உடுப்பு. தெருவில் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவர் நின்றால்தான் அடுத்தவர் நிற்பார். அந்த முதல் ஆள் சித்தி. நாலு கடை ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிய, உப்பிய பையோடு வந்து நிற்பாள். பைக்குள் இருப்பது கசக்கிய செய்தித்தாள். ஒரு பாவாடையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தையலை நகத்தால் நெருடுவாள். விலையைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். முதலாளி கொஞ்சம் இறங்குவார். சித்தி திட்டுவாள். அவர் இன்னும் இறங்குவார். அவள் பாவாடையைப் போட்டுவிட்டு ஏழடி நடப்பாள். ஏழாவது அடியில் அவர் கூப்பிடுவார். அதற்குள் எட்டுப் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். சித்தி வாங்கிப் போன பாவாடை பின்பக்கச் சந்து வழியாக அரை மணி நேரத்தில் மறுபடி கம்பியில் ஏறிவிடும்.

ஒரே ஆளாக வந்தால் பிடிபட்டுப் போவோம் என்று அவள் மூன்று வேஷம் வைத்திருந்தாள். காலையில் மூக்குக்கண்ணாடி. மத்தியானம் கண்ணாடி இல்லாமல் கொண்டை. சாயங்காலம் தலையில் ஒரு பூப்போட்ட துணி. தன்னை யாருக்கும் தெரியாது என்று அவள் சத்தியமாக நம்பினாள்.

சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். நான் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். அதனால் சித்தியின் தொழில் அவளை என்ன செய்து வைத்திருந்தது என்பதைத் தினமும் பார்த்தேன். எங்கே கூட்டம் கண்டாலும் அது கூலிக் கூட்டம் என்றாள். காய்கறி வாங்கப் போனால், ஆள் மொய்க்கிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஈ ஓட்டுகிறவனிடம்தான் போவாள். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் வாடின கீரை, முற்றின வெண்டைக்காய். பல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வெளியே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் "இவ்வளவு பேருக்கா ஒரே நாள்ல பல்லு வலிக்கும்?" என்று என் காதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சித்தப்பா ஒரு தடவை ஆசையாக ஒரு சட்டைத்துணி வாங்கி வந்து கொடுத்தார். அதை ஒரு வாரம் பீரோ மேல் வைத்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக வாங்கி வந்தார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் தெருமுனையில் அந்தச் சாப்பாட்டுக் கடை வந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கடிகாரக் கடை. ஒருநாள் திறந்து, வெள்ளையடித்து, 'காய்கறி மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். கடைக்காரர் ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒரு பெரிய பானையில் சோறு, இன்னொன்றில் பூசணியோ முட்டைக்கோஸோ அவரைக்கொட்டையோ போட்ட குழம்பு. தட்டை நீட்டினால் ஊற்றுவார், அவ்வளவுதான். பத்தே நாளில் பன்னிரண்டரை மணிக்கு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை துணிக்கடைகளைத் தாண்டி முதலாளியின் கம்பி வரைக்கும் வந்தது.

சித்திக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது பேர். முதலாளி ஒரே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவே மூக்கால் அழுவார். இந்த ஒல்லி ஆள் எங்கிருந்து முப்பது பேரைப் பிடித்தான்? யார் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள்? வேறு ஒரு கும்பல் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் நாளைக்குத் தன் வேலை என்னாகும்? இரண்டு நாள் இதையே யோசித்தாள். மூன்றாவது நாள் மத்தியான வேஷத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் நின்று ஆட்களைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பித்தாள். சிவப்புக் குடை வைத்திருக்கும் பெண் தினமும் வருகிறாள். காதில் பஞ்சு வைத்த ஒருவர் தினமும் முதல் ஆளாக நிற்கிறார். நீலச் சட்டைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தே வருகிறார்கள், சேர்ந்தே போகிறார்கள்.

"நல்லாருக்கு, அதனால தினமும் வர்றாங்க சித்தி" என்றேன்.

"பசிச்சு வர்றவன் முன்னப்பின்ன வருவான்டி. மணி அடிச்ச மாதிரி வர்றான்னா அவன் சம்பளத்துக்கு வர்றான். எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவளே அந்த நீலச் சட்டைகளின் பின்னால் போய்ப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் பின் தெருவில் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே துப்புரவு வேலை செய்கிறவர்கள் அவர்கள், பன்னிரண்டரைக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை என்று வாசல் காவலாளி சொன்னார். வேறு யாராக இருந்தாலும் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். சித்தி அன்று என்னிடம் சொன்னது, அவன் கட்டிடத்தையே மொத்தமாகப் பேசி முடித்திருக்கிறான் என்று.

பிறகு அவளே வரிசையில் நின்றாள். உள்ளே புகுந்து பார்க்காமல் எதுவும் தெரியாது என்பது அவள் கணக்கு. முதல் நாள் வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு, நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றாள். வெறும் பூசணிக்காய்க்கு அந்த ருசி வராதாம். எலும்பு வேகவைத்த தண்ணீரைக் கலக்கிறானாம். மறுநாள் ஒரு டப்பாவில் குழம்பை மறைத்துக் கொண்டுவந்து என் மூக்கருகே நீட்டினாள். நான் முகர்ந்தேன், நக்கிப் பார்த்தேன். காளான் போட்டிருக்கிறார் என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. அடுத்த நாள் கடைக்குப் பின்னால் போய்க் குப்பைத் தொட்டியை ஒரு குச்சியால் கிளறினாள். பூசணித் தோல், கோஸ் தண்டு, காளான் காம்பு. எலும்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் விடவில்லை, தினமும் நின்றாள், தினமும் சாப்பிட்டாள். அப்படி நின்ற பத்து நாளில் அவள் கன்னம் கொஞ்சம் பூசின மாதிரிகூட இருந்தது.

இதற்கிடையில் வரிசை சுருங்க ஆரம்பித்தது. முப்பது இருபதாயிற்று, இருபது பதினைந்தாயிற்று. நீலச் சட்டைகள் வந்தார்கள், சிவப்புக் குடை வரவில்லை. வழிப்போக்கர்கள் வரிசையைப் பார்ப்பார்கள், ஏதோ பேசிக்கொள்வார்கள், சிரித்துவிட்டு நடப்பார்கள். சித்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தான் சொன்னது ருசுவாகிவிட்டது, அவனால் கூலி கொடுக்க முடியவில்லை, ஆள் வருவது நின்றுபோயிற்று என்றாள். அதைக் கண்ணால் பார்க்க ஒரு சாட்சி வேண்டும் என்று, எனக்கு விடுமுறையாக இருந்த நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று வரிசையில் பதினோரு பேர். நாங்கள் சாப்பிடும்போது கடைக்காரர் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் போனபிறகு பானையை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். உங்கள யாரு அனுப்புறாங்க?"

சித்தி தட்டிலிருந்து கையை எடுத்தாள். அது அவள் அவரிடம் கேட்பதற்காக வைத்திருந்த கேள்வி. "என்னை யார் அனுப்பணும்? பசிக்குது, வர்றேன்" என்றாள்.

"பசிச்சு வர்றவங்க குப்பைத் தொட்டியக் கிளற மாட்டாங்க."

 அவர் குரலை உயர்த்தவில்லை. யார் மேலும் தனக்குக் கோபம் இல்லை, ஆனால் இனிமேல் வரிசையில் நிற்காமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்று சொன்னார். எதற்கு என்று சித்தி கேட்டாள்.

"நீங்க நிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்கு ஆள் குறையுது. வாடகை அக்காவே நிக்கிறாங்கன்னா இந்த வரிசையும் கூலிதான்னு சொல்லிட்டுப் போறாங்க."

"யாரு வாடகை அக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அந்தத் தெருவில் மூன்று வருஷமாக எல்லோரும் சித்தியை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அக்கா, கொண்டை அக்கா, பூத்துணி அக்கா மூன்றும் ஒரே ஆள் என்பது எங்கள் செல்போன் கடைக்கு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட சித்திக்கு இது ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கச் சாவியைப் போட்டவள் அப்படியே நின்றாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

"சித்தப்பாவுக்கு?"

தெரியும் என்றேன். அவள் உள்ளே போய், மூன்று நாள் தலைவலி என்று படுத்துவிட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தால் குடித்தாள். நான் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பூத்துணியைக் கட்டும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் கேட்காததே என்னைப் போட்டு அறுத்தது.

நாலாவது நாள் முதலாளி ஆள் அனுப்பினார். சித்தி கண்ணாடியும் இல்லாமல் கொண்டையும் இல்லாமல், சாதாரணப் பின்னலோடு போனாள். சந்து வழியாகப் போகாமல் தெரு வழியாகவே போய்க் கடை முன்னால் நின்றாளாம். நான் யார் என்று இந்தத் தெருவுக்கே தெரியுமா என்று நேராகக் கேட்டாளாம்.

முதலாளி கணக்கற்ற வருஷம் துணி மடித்தவர். மடித்துக்கொண்டே சொன்னாராம்: "தெரியாம எப்படிம்மா இருக்கும்? ஒரே ஆளு தினமும் மூணு பாவாடை வாங்கினா?"

"தெரிஞ்சுமா என்னை வெச்சிருந்தீங்க?"

"நீ விலைய எவ்வளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துறேன்னு பாக்கத்தான் ஜனங்க நிக்கிறாங்க. அதுக்குக் கீழ நான் தரமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். அப்புறம் எவனும் என் உயிர வாங்கறதில்ல. உன்னால எனக்குத் தொண்டைத் தண்ணி மிச்சம்."

சித்தி இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், விலை எழுதின அட்டையாகத் தொங்கியிருக்கிறேன் என்றாள். பிறகு, மோசமான அட்டை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டாளாம், இனி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கமாட்டேன், வேண்டுமானால் இந்தப் பக்கம் நின்று விற்கிறேன் என்று. அவர் முதலில் இழுத்திருக்கிறார். மூன்று நாளாக ஜனங்களிடம் மல்லுக்கட்டி அவருக்கு உண்மையிலேயே தொண்டை கட்டியிருந்தது. அதனால் ஒத்துக்கொண்டார்.

விற்பனையில் சித்தி கெட்டிக்காரியாக இருந்தாள் என்று சொல்லலாம். யார் வாங்க வந்தவர், யார் பொழுதுபோக்க வந்தவர், யார் பையில் திணிக்க வந்தவர் என்பதை அவர்கள் துணியைத் தொடுகிற விதத்திலேயே சொல்லிவிடுவாள். எதிர்க்கடையில் புதிதாக ஒரு பெண் ஏழடி நடக்க ஆரம்பித்தபோது, இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நடை சரியில்லை, அவசரப்படுகிறாள் என்று குறை சொன்னாள். வாடகை அக்கா என்று யாராவது வாய்தவறிக் கூப்பிட்டால், வாடகை முடிந்துபோயிற்று, என்ன வேண்டும் சொல்லுங்கள் என்பாள். அந்தப் பேர் மெல்லத் தேய்ந்தது.

சாப்பாட்டுக் கடை வரிசை மறுபடி நீண்டது. அதில் சித்தி நிற்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு மணிக்கு மேல், ஒருநாள் தயங்கித் தயங்கிப் பக்கவாசல் வழியாகப் போனாள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டு வைத்தார். அதற்குப் பிறகு தினமும் அந்த நேரம்தான். சில நாள் நானும் போவேன். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அவள் சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பாள், அவர் குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார்.

போன மாதம் ஒருநாள் அவர், கேட்காமலே, அவள் தட்டில் இன்னொரு கரண்டி அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினார். சித்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"இது எதுக்கு?"

"மீந்துபோச்சு" என்றார் அவர்.

சித்தி எழுந்தாள். எச்சில் கையோடு பானைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கால் பானை குழம்பு அப்படியே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.