நஞ்சு என்று ஒரு சொல்

ஆய்வகத்தில் எனக்கு எலிகளின் நஞ்சைப் பார்ப்பதுதான் வேலை. விஷத்தை அல்ல, குட்டியோடு வெளியே வருகிற நஞ்சுக்கொடியை. அது சும்மா கிடக்கிற சதையில்லை. தாயின் மூளைக்கடியில் சுரக்கும் பால் ஹார்மோனைப் போலவே ஒன்றைத் தானும் சுரந்து, வீட்டுக்காரி குரலில் வேலை ஏவும். தாயின் உடம்பும் ஏமாந்து கேட்கும். அந்தத் தில்லாலங்கடி வேலையை எலியில் பார்த்து ரசித்தவள் நான்.

நானும் பிள்ளைத்தாய்ச்சியானேன். ஏழாம் மாதத்தில் கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்றதும் தூக்கிவாரிப் போட்டது. நம் உடம்பிலும் நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

போனில் சேதி கேட்டிருந்த மாமியார் வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்னமா தின்ன? மறைக்காம சொல்லு.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “நான் ஒண்ணும் திங்கல அத்தே. எல்லாம் நஞ்சு செய்யற வேல.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “யாரு வச்சா?”

“அந்த நஞ்சு இல்ல அத்தே. பிள்ள பொறந்த பிறகு வெளிய வருமே, நர்சுங்க மலாயில உரின்னு சொல்லுவாங்களே, அதான்லா.”

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். “உரிக்கும் நஞ்சுன்னுதான் பேரா?”

பினாங்கு டவுனில் மலாய்ப் பள்ளியில் படித்தவர். அவருக்கு அது உரி மட்டும்தான்.

பிறகு மெதுவாகச் சொன்னார். என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை, செத்துப் பிறந்ததாம். இந்த வீட்டில் யாரும் என்னிடம் மூச்சு விட்டதில்லை. வார்டுக்கு வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், “நஞ்சுதான் சரியில்ல” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரோ மசக்கையில் ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாமல், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்கிற பாலிக் புலாவ் ஊர் டுரியான் பழத்தைத் தின்றிருந்தார். அதுதான் வயிற்றில் விஷமாகிப் பிள்ளையைக் கொன்றது என்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். மாமாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு பெண் இப்படியா வெந்துபோவாள்?

“டுரியான் விஷமாகாது அத்தே. அவங்க உரியத்தான் சொல்லியிருக்காங்க.”

அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் கொல்லலியா?”

“இல்ல அத்தே” என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.