ஈரச் சாக்கு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் ஆபீசில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தது. மெஷின், மைப் பவுடர், பேப்பர், ரிப்பேர் எல்லாம் எங்கள் பொறுப்பு. ஓடிய காப்பிக்கு மட்டும் அவர்கள் கொடுத்தால் போதும். சைக்ளோஸ்டைலில் நகலெடுத்து மையில் கை கறுத்துக்கிடந்த ஊரில் இந்த ஏற்பாட்டை யாரும் நம்பவில்லை. மற்ற ஆபீசுகளெல்லாம் அந்த மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெஷின் திரும்பி வந்தால் ஜெராக்ஸ் லைனையே மூடிவிடுவேன் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். லைன் என்றால் நான்தான், ஒரே மெக்கானிக்.

சித்திரை வெயிலில் மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பேப்பர் சிக்குகிறது, எழுத்து திட்டுத்திட்டாக விழுகிறது என்று போன் வரும். நாளை வருகிறேன் என்று சொல்லி, மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். என் முன்னால் அது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி அடக்கமாக ஓடும். ரோலரை மாற்றினேன், டிரம்மை மாற்றினேன். எனக்கே வெறுத்துப்போனது.

மேனேஜர் தேவசகாயம் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

"ஒங்களக் கண்டா மட்டும் ஒழுங்கா ஓடுது. தெனமும் ஒங்கள இங்கன உக்கார வைக்கவா முடியும்? சனிக்கெழம வந்து பாருங்க. அதுக்கப்புறமும் சிக்குச்சுன்னா வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருங்க. பழைய சைக்ளோஸ்டைலு ஸ்டோர்லதான் கெடக்கு."

சனிக்கிழமையும் நன்றாகவே ஓடியது. குழப்பத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் பஸ் போய்விட்டது. நாக்கு வறண்டு, தண்ணீர் குடிக்க மில்லுக்கே திரும்பினேன்.

உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மெஷினுக்குப் பின்னால் ஜன்னலில் நாலு ஈரச் சாக்கு தொங்கியது. டேபிள் ஃபேன் அந்த ஈரக்காற்றை மெஷின் மேல் வீசியது. சாக்குக்கு அடியிலேயே பிரித்துப் போட்ட பேப்பர் கட்டு. டைப்பிஸ்ட் செல்வராணி அக்கா வாளியும் கையுமாக நின்றார்.

"என்னக்கா இது?"

"மிஷினு சூடாகுதுல்ல தம்பி, பாவம். வெயிலு ஆரம்பிச்சதுமே கட்டிட்டோம். அதுக்கும் சிக்கவும், ஈரம் பத்தலைன்னு நெனச்சோம்."

"காலையில இது இல்லையே?"

"நீங்க வாரீகன்னா அவுத்து, இந்தப் பேப்பரோட உள்ள போட்டுட்டு புதுக் கட்டு பிரிச்சிருவோம். கம்பெனி ஆளு வரையில சாக்கு தொங்குனா மில்லுக்குல்ல அசிங்கம்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நமத்த பேப்பர் சிக்காமல் என்ன செய்யும்? மெஷினை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். பேப்பரைப் பீரோவில் வைத்து, ஈரம் சேராமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிட்டேன்.

"அப்ப சாக்கு எங்களுக்கு, வெக்கை இதுக்கா?" என்றார் தேவசகாயம். மெஷின் அங்கேயே இருந்தது. பிறகு பந்தல்குடி, திருச்சுழி என்று லைன் நீண்டது.

அன்றிலிருந்து ரிப்பேர் முடிந்ததும் கிளம்புவதுபோலக் கிளம்பி, டீ குடித்துவிட்டு, சொல்லாமல் திரும்பி வருவேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வந்தது, லேசர் வந்தது. இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

தொண்ணூறுகளில் அதே மில்லில் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஏ.சி. ரூம் கட்டினார்கள். பிரிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் குளுகுளுவென்று இருந்தது. வெளியே வெக்கையில், அந்தப் பிரிண்டரையும் பார்த்துக்கொள்கிற செல்வராணி அக்கா தன் ஜன்னலுக்குச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

நேரே தேவசகாயத்திடம் போனேன். "சார், பேப்பர் சிக்குனா ஒடனே எடுக்கணும். ஆபரேட்டர் பக்கத்துலயே இருக்கணும்."

"கண்டிப்பாவா?"

"இல்லன்னா நான் பொறுப்பில்ல சார்."

அவர் என்னையும் பார்த்தார், கண்ணாடி வழியே அக்காவையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய், அக்காவின் நாற்காலியைத் தானே தூக்கி உள்ளே போட்டார்.