அஞ்சு வீட்டில் அணைத்த சூடம்

பயமுறுத்தக் கட்டிய கதை இல்லை இது. ஆளும் இருக்கிறார், இடமும் இருக்கிறது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கிள்ளான் பக்கம் பண்டமாரான் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் ஐந்தே வீடுகள். பெயர்ப்பலகை கிடையாது. குப்பை லோரி வராது. அஞ்சு வீடு என்றால்தான் தெரியும். அந்தக் காலத்தில் தோட்ட வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஐந்து குடும்பங்கள், முனியாண்டி முன்னால் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "ஒருத்தர் இருக்கிறவரை எல்லாரும் இருப்போம்" என்று சத்தியம் செய்து உண்டாக்கிய இடம். அதில் ஒரு வீட்டில் தனியாக இருக்கும் ராதாகிருஷ்ணன் இதைத் தன் அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவர்.

போன வருடம் நிலம் கைமாறியது. பூச்சோங்கில் அடுக்குமாடி வீடு தருகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். மற்ற நான்கு வீட்டாரும் போவதில்லை என்று ராதாகிருஷ்ணனோடு மறுபடி சூடம் அணைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜீவன்தான் முதலில் கை வைத்தான்.

மறுவாரம் ராதாகிருஷ்ணன் சர்க்கரை மருந்து வாங்கக் கிள்ளானுக்குப் போனார். திரும்பும்போது அந்தி; மசூதியில் மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வீட்டிலும் வெளிச்சம். அவர் வீட்டிலும்.

மஞ்சள் வெளிச்சம்... மண்ணெண்ணெய் விளக்கு போல. நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

"ஜீவா, கரண்டு இல்லயாடா?"

ஜீவன் வீட்டு வாசலில் முதுகு காட்டி நின்றவன் திரும்பவில்லை.

"வந்துட்டியா?"

ஜீவன் அவரை ஒருநாளும் நீ என்று பேசியதில்லை. அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

நான்கு வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். வரிசையாக முனியாண்டியிடம் போனார்கள். ராதாகிருஷ்ணனும் பின்னால் போனார். காலடிச் சத்தம் கேட்டது... அவருடையது மட்டும்.

தட்டில் சூடம் எரிந்தது. வாசனை இல்லை.

"கைய வை."

வைத்தார்.

சுடவில்லை.

சில்லென்று இருந்தது.

இருட்டு.

யாரும் இல்லை.

விடிந்ததும் மற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார். நான்கு வீட்டிலும் கதவு, சன்னல், தகரம் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. ஜீவனுக்குப் போன் அடித்தார்.

"அண்ணே... கோவிச்சுக்காதீங்க. நேத்து நீங்க கிளினிக் போனதும் லோரி வந்துருச்சு. சொன்னா நீங்க விடமாட்டீங்க லா."

"சூடம் அணைச்ச கைடா அது. அந்தக் கையாலயே சாமான் ஏத்துனியா?"

"வேற வழி தெரியலண்ணே."

"சரி, நேத்து சாயங்காலம் கோயிலுக்கு வந்தது யாரு?"

"நாங்க எல்லாரும் மத்தியானமே பூச்சோங் வந்துட்டோம்ணே."

போன் கை மாறியது. ஜீவனின் தாய் இராஜம்மா.

"தம்பி, இத உங்கிட்ட யாரும் சொன்னதில்ல. சத்தியம் பண்ண மறுவாரமே தோட்டத்துல திரும்ப வேல தர்றோம்னாங்க. உங்கப்பா அப்ப கல்யாணம் ஆகாத ஒத்த ஆளு. அவர்கிட்ட சொல்லாம நாங்க நாலு குடும்பமும் ஓடிட்டோம். எனக்கு அப்ப பன்னண்டு வயசு. எட்டு மாசத்துல மறுபடி தொரத்திட்டாங்க. வந்து பாத்தா நாலு வீட்லயும் வெளக்கு எரியுது. உங்கப்பா வாசல்ல நின்னு, விடிஞ்சு வெளக்கு அணையிற வரைக்கும் எங்கள உள்ள விடல. 'நீங்க யாரு? அந்த நாலு குடும்பமும் எங்கயும் போகலியே, உள்ளதான இருக்காங்க'ன்னாரு."

ஜீவன் போனைப் பிடுங்கினான்.

"அண்ணே, ஒத்தையா இருக்காதீங்க. நான் இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நீ வராத," என்றார் ராதாகிருஷ்ணன். "விட்டுட்டுப் போகாத ஆளுங்க எனக்கு இங்க இருக்காங்க."