ஏரி பார்த்த பக்கம்

பதினேழு ரூபிள் நாற்பது கோபெக். பாகிலாய் இஸ்தபானுக்குத் தர வேண்டிய புல் அறுப்புக் கூலி அது. இது கட்டுக்கதை என்று நினைப்பவர் என் இடது தோளைப் பார்க்கலாம். தோல் இன்னும் கருகித்தான் கிடக்கிறது. குளிர் தின்ற தோல் அது.

லேனா ஆற்றுக்கு வடக்கே, ஏரிக்கரையில் பாகிலாயின் வீடு. நான் அங்கே கூலியாள், இஸ்தபானும் அப்படித்தான். அந்த வருஷம் நவம்பரிலேயே துப்பின எச்சில் தரையில் விழுமுன் உறைந்தது. சாணமும் களிமண்ணும் குழைத்துச் சுவரெல்லாம் மூன்று பூச்சுப் பூசினேன். பாக்கி ஜன்னல்தான். எங்கள் பக்கம் கண்ணாடிக்குப் பதில் ஏரிப் பனிக்கட்டியைப் பலகையாக வெட்டி வந்து பொருத்தி, விளிம்பில் ஈரப்பனி அப்பினால் கல்லாக இறுகிவிடும். மாற்றுக்கு ஒன்று வாசலில் கிடக்கும்.

"கெழக்கால வெட்டாதடா கிர்கிலை. மேற்கால போ" என்றான் பாகிலாய்.

"கெழக்கதான பக்கம், மொதலாளி?"

"இழுக்கப்போறது மாடு. ஒனக்கு எங்க நோவுது?"

மேற்கே வெட்டினேன். பொருத்தும்போது மறுபடி தகராறு. வானம் பார்த்த பக்கத்தை உள்ளே வைத்துத்தான் எனக்குப் பழக்கம். என் அப்பாவும் அப்படித்தான். பாகிலாய் திருப்பச் சொன்னான். அடிப்பக்கம் வழவழப்பு, உறைபனி சுரண்ட லேசு என்றான்.

"வேணாம் மொதலாளி. ஏரி பாத்த மொகம் உள்ள வந்தா, வீடு தண்ணிக்கடியில ஆயிடும்."

"மீனு எட்டிப் பாக்குமோ?" அவன் சொன்னபடியே திருப்பி வைத்தேன்.

பாகிலாயின் மனைவி பலகேயா, இரண்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இஸ்தபான் சொல்லாமகூடப் போயிட்டானே?"

"கூலிய வாங்கினான், போனான். தொலையட்டும்."

இஸ்தபானின் கையுறைகள் ஆணியிலேயே தொங்கின. எங்கள் குளிரில் கையுறை இல்லாமல் யார் ஊர் போவார்?

அன்று இரவு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

தொப்... தொப்...

ஜன்னலில்தான். வெளியே நாய் மோதுகிறது என்று நினைத்தேன். நாய் என் காலடியில் கிடந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

தீயை ஊதிப் பார்த்தேன். பனிப்பலகையில் ஈரமாக விரல் முட்டி அடையாளங்கள். வெளிப்பக்கம் அல்ல... உள்பக்கம்.

தொப்.

கண்ணெதிரே இன்னொன்று விழுந்தது. அடித்த கை தெரியவில்லை. இந்த முறை ரத்தம்.

பாகிலாய் கோடரியோடு எழுந்தான்.

"தந்துர்றேன்டா! தந்துர்றேன், போயிடு!"

வெறும் காற்றில் வீசினான். கோடரி பாதியில் நின்றது. ஏதோ அவன் தலைமயிரைப் பற்றியது. முகத்தைப் பனிப்பலகையில் மோதியது. ஒரு முறை. இரண்டு முறை. மூக்கு நொறுங்கியது... பற்கள் தரையில் சிதறின. மூன்றாவது மோதலில் பலகை உடைந்தது.

அவன் வலது கை தானாக நீண்டது. இரண்டு விரல்கள் பின்னால் மடங்கின. முறிந்தன. பிய்ந்தன.

குளிர் உள்ளே பாய்ந்தது. பிள்ளை வீறிட்டது. பிறகு... சத்தமில்லை.

"அக்கா! கொட்டிலுக்குப் போ! மாட்ட ஒட்டிப் படு!"

பிள்ளையை மார்பில் அழுத்திக்கொண்டு ஓடினாள். ஓட்டையை என் தோளால் அடைத்தேன். பின்னால் அடி நிற்கவில்லை. சுவரில்... கூரையில்...

தோள் மரத்தது. இதற்குமேல் முடியாது என்றானபோது வெளியே ஓடினேன். மாற்றுப் பலகையை இழுத்து வந்தேன். வைத்தேன்.

வானம் பார்த்த பக்கம் உள்ளே.

அடி நின்றது.

மணி இரண்டு ஐம்பது.

கொட்டிலில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

விடியுமுன் பாகிலாய் செத்தான். தரை முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு விரல்கள் கிடைக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஏரி இளகியது. இஸ்தபான் மேற்கே கிடைத்தான், நான் பலகை வெட்டிய இடத்துக்கு நேர் கீழே. பின்மண்டையில் கோடரி வெட்டு. பாகிலாய் கிழக்கே தள்ளியிருக்க வேண்டும். ஆனால் உயிரோடுதான் பனிக்கு அடியில் போயிருக்கிறான். இரண்டு கை விரல் முட்டிகளிலும் எலும்பு தெரியத் தோல் தேய்ந்திருந்தது.

நான் வெட்டிய குழி அன்று மாலையே மூடி உறைந்துவிட்டது. அதன் பிறகு அந்த ஏரியை யாரும் தொடவில்லை. இஸ்தபானின் மூடிய கையைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே இரண்டு விரல்கள். ஒன்றில் பாகிலாயின் வெள்ளி மோதிரம்.

பலகேயா பசுவை விற்றுப் பதினேழு ரூபிள் நாற்பது கோபெக்கை எண்ணி, இஸ்தபானின் தங்கையிடம் நீட்டினாள். அவள் தொடவில்லை.

"வேணாங்க்கா. அண்ணன் வாங்கிடுச்சு."