சோத்துக்கைப் பக்கம்

சாலை என்றால் ஜெகதீஸ்வரிக்கு இன்றைக்கும் உள்ளுக்குள் உதறல்தான். தாசேக் கெலுகோரின் செம்மண் பாதையில் வளர்ந்தவள், கல்யாணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்த புதிதில் சூலியா தெரு ஓரத்தில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றாள். எதிர்ப்பக்கம் போக வேண்டும், கால் வரவில்லை. ரொட்டிக் கடை ஹபீபா பீவிதான் மாவுக் கையோடு வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார். "சோத்துக்கை பக்கம் மொதல்ல பாரு புள்ள. அங்கேருந்துதான் காடி வரும்" என்றார். ஜெகதீஸ்வரி கற்ற சாலைப் பாடம் மொத்தமும் அதுதான்.

இப்போது அவளுக்கு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் வாத்தியாரம்மா. அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் சாலை போடுவாள். பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் லோரி. பிள்ளைகள் சைக்கிளில் வந்து, கோட்டருகே இறங்கி, சோத்துக்கை பக்கம், மற்றக் கை பக்கம், திரும்பவும் சோத்துக்கை பக்கம் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். வலது இடது என்றால் திருதிருவென்று விழிக்கும் வாண்டுகள்கூடச் சோறு என்றதும் சரியாகத் திரும்பிவிடும். அதில் வாத்தியாரம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்றாம் மாடி சாந்தினிக்குப் பிறை நகரத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியது. திங்கட்கிழமை முதல் அவள் மகள் காமினி எதிர்ப்பக்கப் பள்ளிக்குத் தனியாகத்தான் போயாக வேண்டும். சாந்தினி கையைப் பிசைந்தாள்.

"கவலய விடு. எங்கிட்ட படிச்ச புள்ள, கண்ண மூடிக்கிட்டு இந்த ஜாலான, ரோட்ட, தாண்டும்" என்றாள் ஜெகதீஸ்வரி. சொல்லத் தெரிந்த அழகைப் பாருங்கள்!

சனிக்கிழமை கடைசிப் பரீட்சை, உண்மையான சாலையில். எதிரே ஹபீபா பீவியின் கடை. இத்தனை நாளும் கும்பலோடு கும்பலாகத் தலையைத் திருப்பிய காமினி, அன்று முதல்முறையாகத் தனியாக முன்னால் நின்றாள். தலையைத் திருப்பினாள், சைக்கிளைத் தள்ளினாள். முன்சக்கரம் சாலையில் இறங்கிய அதே கணம் வலப்பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்தது. ஜெகதீஸ்வரி கேரியரைப் பிடித்து இழுத்த இழுப்பில் பிள்ளையும் சைக்கிளும் அவள் மேலேயே விழுந்தன. மோட்டார்க்காரன் எதையோ கத்திக்கொண்டே போய்விட்டான்.

"சோத்துக்கை பக்கம் பாக்கச் சொன்னேனா இல்லியா?" ஜெகதீஸ்வரி அதட்டினாள்.

"பாத்தேன் ஆன்ட்டி! பாத்துட்டுத்தான் வந்தேன்!" காமினி தேம்பினாள்.

பொய்யும் சொல்கிறதே என்று ஜெகதீஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. இந்தப் பிள்ளையைத் திங்கட்கிழமை எப்படி விடுவது? தாயிடம் எந்த முகத்தோடு பேசுவது? கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனாள்.

ஹபீபா பீவி சூடாக ரொட்டியை வைத்தார். அழுத களைப்பில் காமினி பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டாள். இடது கையால்.

ஜெகதீஸ்வரி பார்த்துவிட்டாள். பிள்ளை சட்டென்று கையை மேசைக்கடியில் ஒளித்தது.

"வீட்லயும் இந்தக் கையாலதான் சாப்புடுவியா?"

"ஆமா ஆன்ட்டி. வெளிய சாப்புட்டா மட்டும் அந்தக் கையாலன்னு அம்மா சொல்லிருக்காங்க. மறந்துட்டேன்."

ஹபீபா பீவி தலையில் அடித்துக்கொண்டார். "அட அல்லாவே! புள்ள சரியாத்தான் பாத்திருக்கு. நான் சொன்னதுதான் கோளாறு, நீயும் அதையே புடிச்சிக்கிட்ட லா."

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிள்ளை பொய் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. அதற்குப் போய்த் திட்டினோமே என்று காமினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒளித்த கையை எடுத்து ரொட்டித் தட்டில் வைத்தாள்.

"அப்ப எனக்குச் சாப்புடாத கைதானே மொதல்ல?" என்றது பிள்ளை, ரொம்பச் சாதாரணமாக.

அன்று மாலை முழுதும் அதே பாடம்தான். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. சாந்தினியிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆனாலும் ஜெகதீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஓட்டலுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஹபீபா பீவி கடைத் தூணுக்குப் பின்னால் நின்றாள். காமினி பையோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். உதடுகள் அசைந்தன: சாப்பிடாத கை. ஒரு லோரி வந்தது. பிள்ளை அசையவில்லை. லோரி போனது. சாப்பிடுகிற கை. மறுபடி சாப்பிடாத கை. ஓடாமல், நேராக, நடந்தே கடந்து பள்ளி வாசலுக்குள் போனாள்.

ஜெகதீஸ்வரி தூணைவிட்டு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சனிக்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்த பசி இப்போதுதான் வயிற்றைக் கிள்ளியது.

"ஹபீபாக்கா, ரெண்டு ரொட்டி போடுங்க. ரெண்டு கையாலயும் சாப்புடப் போறேன்."